கருவில் வளரும் குழந்தைக்குக் குருதி தரும் ஈரல்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பற்றியும், சமுதாயம் கடந்துவந்த துன்பங்களைப் பற்றியும் பேசுவது மரபு. அவற்றை நமக்கு முன் பேசிய சான்றோர் நிறைவாகக் கூறிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறுபட்டது. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் உடலில் குருதி எங்கே, எவ்வாறு உண்டாகிறது என்பதே அப்பொருள். "இது மருத்துவக் கல்லூரியில் பேச வேண்டிய செய்தியன்றோ? நம் கழக விழாவில் இதற்கு என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். சிவகாசியில் திரி வெட்டும் பெண்ணுக்கும், சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் பெண்ணுக்கும் இதைவிட நெருங்கிய செய்தி வேறில்லை என்பதே நம் கருத்து. அதனை நிறுவ உங்கள் பொறுமையை வேண்டுகிறோம்.

எலும்பு ஆயத்தமாகும் வரை

முதலில் நம் உடலையே எடுத்துக்கொள்வோம். வளர்ந்த மனிதனுக்குக் குருதி உண்டாகும் இடம் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை. மார்பெலும்பு, விலா எலும்பு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றினுள் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குருதி அணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வோர் அணுவும் சுமார் 120 நாள் உழைத்துவிட்டு மடிகிறது. மடிந்தவற்றின் இடத்தைப் புதியவை நிரப்ப வேண்டும். ஆகவே இத்தொழிற்சாலைக்கு விடுமுறை கிடையாது.

கருவில் இருக்கும் குழந்தைக்கோ இவ்வசதி தொடக்கத்தில் இல்லை. அதன் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. உள்ளே மஜ்ஜைக்கு இடமில்லை. ஆயினும் கரு உண்டான நான்காம் வாரத்திலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. துடிக்கும் இதயத்துக்குச் செலுத்தக் குருதி வேண்டுமே! எலும்பு ஆயத்தமாகும் வரை அது காத்திருக்க இயலாது. இயற்கை இச்சிக்கலைப் படிப்படியாகத் தீர்த்திருக்கிறது.

முதற்படி, கருவை ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பை. மூன்றாம் வாரத்தில் அதன் சுவரில் முதற் குருதி அணுக்கள் தோன்றுகின்றன. அவை பருத்தவை, தமக்குள் உட்கரு உடையவை. அவசரத் தேவைக்கு உதவுபவை என்றே அவற்றைச் சொல்லலாம். பின்னர், கருவின் முதுகுப்புறமாகச் செல்லும் பெருந்தமனியின் சுவரிலிருந்து, வாழ்நாள் முழுமைக்கும் குருதியைப் பெருக்கவல்ல மூல உயிரணுக்கள் பிறக்கின்றன. பிறந்தாலும் அவை வளர்வதற்குரிய இடம் அதுவன்று. குருதியோட்டத்தில் மிதந்து அவை சென்று குடியேறும் இடம்தான் கல்லீரல்.

ஆறாம் வாரம் அளவில் ஈரல் குருதி சமைக்கத் தொடங்குகிறது. பத்தாம் வாரத்தில் கருவின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஈரலாகவே இருக்கிறது. பிறக்கும்போது அது இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அச்சிறு உடலில் ஈரல் அவ்வளவு பெருத்திருப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, அது ஏற்றிருக்கும் குருதித் தொழிலே. மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை குழந்தையின் குருதிக்கு ஈரலே தலைமை இடம். மண்ணீரல் சிறிதளவு துணை நிற்கிறது. பதினோராம் வாரம் அளவில் எலும்புக்குள் மஜ்ஜை மெல்லத் தொழில் பழகத் தொடங்குகிறது. ஏழாம் மாதத்துக்குப் பின் பொறுப்பு முழுவதும் மஜ்ஜைக்குச் செல்கிறது. குழந்தை பிறக்கும் காலத்தில் ஈரலின் குருதிப் பணி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

ஈரலைத் தேர்ந்தது ஏன்?

தொப்புள்கொடியின் வழியே தாயிடமிருந்து வரும் வளமிக்க குருதி, முதலில் ஈரலின் பக்கமே வருகிறது. அதில் ஒரு பகுதி ஈரலைச் சுற்றிக்கொண்டு நேரே இதயத்துக்குச் சென்றாலும், எஞ்சிய பகுதி ஈரலுக்குள் பாய்கிறது. உணவு, பிராணவாயு, இரும்பு ஆகிய மூன்றும் வந்து இறங்கும் துறைமுகம் அது. அங்கேயே தொழிற்சாலை அமைந்திருப்பது பொருத்தமன்றோ?

ஈரலின் உள்ளமைப்பும் இதற்கு உதவுகிறது. பஞ்சு போன்ற சிறு சிறு குருதி அறைகளுக்கிடையே இளம் அணுக்கள் கூட்டம் கூட்டமாக வளர்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தின் நடுவிலும் ஒரு பெரிய விழுங்கணு அமர்ந்திருக்கிறது. அது செவிலித் தாயைப் போன்றது. தன்னைச் சூழ்ந்திருக்கும் இளம் அணுக்களுக்கு வளர்ச்சிக்கான தூண்டுதலைத் தருகிறது. அவை முதிர்ந்து தம் உட்கருவை வெளியே தள்ளும்போது அதனை விழுங்கித் தூய்மை செய்கிறது. உட்கருவை இழந்த அணு, உடல் முழுவதும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் செங்குருதி அணுவாகப் புறப்படுகிறது. குருதி உற்பத்தியை முடுக்கிவிடும் எரித்ரோபாய்டின் என்னும் சுரப்பையும் கருப்பருவத்தில் பெரும்பாலும் ஈரலே தருகிறது. பிறந்த பின்னர் அப்பொறுப்பு சிறுநீரகத்துக்குப் போகிறது.

ஈரல் சமைக்கும் அணுக்களில் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபினும் தனி வகையைச் சேர்ந்தது. தாயின் ஹீமோகுளோபினைவிடப் பிராணவாயுவை இறுகப் பற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. நஞ்சுக்கொடியில் தாயின் குருதியும் சேயின் குருதியும் கலப்பதில்லை. இடையில் மெல்லிய திரை உண்டு. அத்திரைக்கு அப்பாலிருந்து பிராணவாயுவைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள இத்தனி வகை ஹீமோகுளோபின் குழந்தைக்கு உதவுகிறது. பிறந்த சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களின் வகை அதன் இடத்தைப் பெறுகிறது.

ஈரலில் வளர்ந்த மூல உயிரணுக்களே பின்னர் மஜ்ஜையில் குடியேறுகின்றன. இன்று நம் எலும்புகளுக்குள் குருதி தரும் அணுக்களின் முன்னோர், ஒருகாலத்தில் நம் ஈரலில் தங்கி வளர்ந்தவையே. பிறக்கும் வேளையில் தொப்புள்கொடியின் குருதியிலும் அவ்வகை உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு 1988இல் பாரிஸ் நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் சிகிச்சை அளித்தனர். அதற்கு ஈராண்டு முன்னரே, 1986இல், நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. கருவின் ஈரலில் நடப்பதைக் கற்ற அறிவு, நோயாளியின் உயிரைக் காக்கும் கலையாக மலர்ந்திருக்கிறது.

குருதியில் குலம் இல்லை

இங்கே சற்று நின்று ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். மஞ்சட்கருப் பை, ஈரல், மஜ்ஜை என்னும் இவ்வரிசை எக்குழந்தைக்கு மாறியிருக்கிறது? மாளிகையில் வளரும் கருவுக்கு ஆறாம் வாரம், சேரியில் வளரும் கருவுக்கு எட்டாம் வாரம் என்று இயற்கை நாள் குறித்ததுண்டா? பிறப்பினால் மேல் கீழ் கற்பித்தவர்கள், பிறப்பதற்கு முன்னே நிகழும் இச்சமத்துவத்தை அறியார்கள். லாண்ட்ஸ்டெய்னர் என்னும் அறிஞர் 1900, 1901ஆம் ஆண்டுகளில் குருதி வகைகளைக் கண்டறிந்தார். ஓ, ஏ, பி என்பவை அவ்வகைகளின் பெயர்கள். மருத்துவமனையில் குருதிப் பையின்மீது ஒட்டும் சீட்டில் அவ்வகைதான் எழுதப்படுகிறது. குலத்தின் பெயர் எழுதப்படுவதில்லை.

ஆனால், தோழர்களே, இதனோடு மனநிறைவு கொள்வதற்கில்லை. ஈரல் எல்லோருக்கும் ஒன்றாகவே தொழில் செய்கிறது. அதற்கு வந்துசேரும் மூலப்பொருள் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. குருதியின் வழியாக ஏற்றத்தாழ்வு கருவறைக்குள் நுழைய முடியவில்லை. தாயின் சோற்றுத் தட்டின் வழியாகவும், அவளுக்கு மறுக்கப்பட்ட ஓய்வின் வழியாகவும், அவள் சுவாசிக்கும் தூசியின் வழியாகவும் அது நுழைந்துவிடுகிறது. நம் உரையின் மையக் கருத்து இதுவே.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது?

குருதி சமைக்க இரும்பு வேண்டும், ஃபோலிக் அமிலம் வேண்டும், உயிர்ச்சத்து பி12 வேண்டும், புரதம் வேண்டும். ஒரு பேறுகாலம் முழுவதற்கும் தாய்க்கு வேண்டிய இரும்பு சுமார் 1,000 மில்லிகிராம். அதில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்கிறது. 500 மில்லிகிராம் அளவு தாயின் உடலில் பெருகும் குருதிக்கு வேண்டும். எஞ்சியது அன்றாட இழப்பை ஈடுசெய்யும். குழந்தைக்குச் செல்லும் இரும்பில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் செல்கிறது. குழந்தையின் ஈரல் அதில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கிறது. பிறந்த பின் முதல் நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு அச்சேமிப்புதான் கைகொடுக்கும்.

தாயிடம் இரும்பு குறைந்திருந்தாலும் நஞ்சுக்கொடி இயன்றவரை அதைக் குழந்தைக்கே அனுப்பிவைக்கிறது. தாய் மேலும் வெளுத்துப் போகிறாள். பற்றாக்குறை மிகக் கடுமையானால் குழந்தையின் சேமிப்பும் சுருங்குகிறது. அக்குழந்தை தவழும் பருவத்திலேயே சோகைக்கு ஆளாகிறது. பின்னர் வகுப்பறையில் அது சோர்ந்து அமர்ந்திருந்தால், "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாம் கடிந்துகொள்கிறோம். கல்விக் கழகமாகிய நாம் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். படிப்பு ஏறாமைக்குரிய காரணங்களுள் ஒன்று, பள்ளிக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்கலாம்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினர் சோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் அந்நிலையில் இருந்தனர். ஏறத்தாழ இரண்டு தாய்மாரில் ஒருவர்! பட்டாசு ஆலையில் தீப்பிடித்தால் ஊர் திரள்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பெருவிபத்தை நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் சோகை ஓசையின்றி வரும் விபத்து. அதற்குப் புகையில்லை, செய்தித்தாளில் இடமில்லை.

1928: பம்பாயில் இருவர்

இவ்வறிவு நமக்குக் கிடைத்த வரலாற்றில் நம் நாட்டு ஏழைத் தாய்மாருக்குப் பெரும்பங்கு உண்டு. 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய சோகையால் துன்புறுவதன் காரணத்தை ஆராய்வதே அவர் நோக்கம். அப்பெண்களின் வறிய உணவே காரணத்துக்கு வழிகாட்டியது. நீலகிரியின் குன்னூரில் இருந்த பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணி மகளிர் மருத்துவமனையிலும் அவர் பணிபுரிந்தார். அம்மருத்துவமனைக்கு அந்நாளில் வழங்கிய பெயர் "சாதி, கோஷா மகளிர் மருத்துவமனை" என்பது. நோய் தீர்க்கும் இல்லத்தின் பெயரிலேயே சாதி குடியிருந்தது! இன்று அது கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விலங்கின் ஈரலை உண்பித்தால் ஒருவகைக் கொடிய சோகை தீர்கிறது என்பதை மினாட், மர்ஃபி என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1926இல் வெளியிட்டிருந்தனர். அவர்களுக்கும், அதற்கு வழிகாட்டிய விப்பிளுக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்தது மாட்டு ஈரலும் கன்றின் ஈரலுமே. எவ்வுணவைக் காட்டி நம்மை இழிவென்று பழித்தார்களோ, அவ்வுணவே உலகப் பரிசு பெற்ற மருந்தாயிற்று.

தூய்மைப்படுத்திய ஈரற்சாறு அவ்வகைச் சோகையைத் தீர்த்தது. ஆனால் பம்பாய்த் தாய்மாரின் சோகையைத் தீர்க்கவில்லை என்று லூசி வில்ஸ் கண்டார். தூய்மைப்படுத்தாத ஈரற்சாறும், மார்மைட் என்னும் நொதிச்சாறும் அதைத் தீர்த்தன. ஆகவே அவற்றில் வேறொரு சத்து இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி 1931இல் வெளியிட்டார். 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்க ஆய்வுக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடை அணிந்ததனால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, குறைந்த தரத்துச் சான்றிதழே பெற்றவர். உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோயில் வரும் சோகைக்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. பட்டத்தை மறுக்கலாம், அறிவை மறுக்க எவராலும் இயலாது.

லூசி வில்ஸ் பம்பாயில் வந்திறங்கிய அதே 1928இல், ஜூலை 28ஆம் நாள், பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனைச் சார்ந்தது என்றும், அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பது முறை என்றும், உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் அப்பொறுப்பிலிருந்து நழுவலாகாது என்றும் அவர் வாதிட்டார். அடுத்த ஆண்டே அது சட்டமாயிற்று. ஆலைத் தாய்மாரின் குருதி ஏன் குறைகிறது என்று ஓர் அம்மையார் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார். அத்தாய்மாருக்கு ஓய்வு எங்கே என்று நம் அண்ணல் மன்றத்தில் கேட்டார். மருந்தும் உரிமையும் சேர்ந்தாலன்றிக் கருவில் இருக்கும் குழந்தைக்கு முழுமையான காப்பு இல்லை.

நம் வட்டாரத்தில் நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, காலத்தைப் பற்றியது. மாதவிலக்கு இரண்டாம் முறையும் தள்ளிப்போய், "உண்டாகியிருக்கிறாளோ" என்று வீட்டார் ஐயுறும் நாளில், குழந்தையின் ஈரல் தன் தொழிலைத் தொடங்கிவிட்டிருக்கும். ஆகவே கருவுற்ற பின் குருதியைப் பற்றிக் கவலைப்படுவது காலம் தாழ்த்திய கவலை. பெண் பள்ளியில் படிக்கும்போதே அவள் குருதி நிறைவாக இருக்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதைக் குப்பைத் தொட்டியில் எறியும் மாணவியரே, நீங்கள் எறிவது உங்கள் பலத்தை மட்டுமன்று. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரப்படும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். வெறுங்காலோடு நடப்பவரின் உடலில் புகும் கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும்.

இரண்டாவது, கருவுற்ற தாயைப் பற்றியது. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக 180 நாளும், பேற்றுக்குப் பின் 180 நாளும் இரும்பு மாத்திரை உண்ண வேண்டும் என்பது அரசின் நெறி. மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். மாத்திரைக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை, கறுப்பு இழிவுமன்று. மாத்திரையால் மலம் கறுக்கலாம், அஞ்ச வேண்டுவதில்லை. வயிறு புரட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். மாத்திரையோடும் உணவோடும் தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஆலையில் தூக்குச்சட்டியைத் திறந்தவுடன் தேநீரையும் கையில் எடுப்பது நம் பெண்களிடம் உள்ள வழக்கம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லட்டும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொய்யாவும் இரும்பு சேர்வதற்கு உதவும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு, முட்டை, கருவாடு, இறைச்சி ஆகியவை நம் கைக்கெட்டும் பொருள்கள். சோகைக்குச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுத்த நம் முன்னோரின் பட்டறிவு பொருளற்றதன்று. அதில் இரும்பு மிகுதி. ஈரலும் அவ்வாறே, ஆயின் ஈரலில் உயிர்ச்சத்து ஏ மிக அதிகம் ஆதலால், கருவுற்ற முதல் மாதங்களில் மருத்துவரைக் கேளாமல் அதனை மிகுதியாக உண்ணலாகாது.

மூன்றாவது, தொழிலைப் பற்றியது. ஈயம் உடலில் புகுந்தால், இரும்பைக் கொண்டு ஹீமோகுளோபின் ஆக்கும் வேலையையே தடுத்துவிடும். நஞ்சுக்கொடியின் திரையைக் கடந்து குழந்தையையும் அடையும். பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆண்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தடை விதித்தது. இத்தடை காற்றைக் காப்பதற்காக மட்டும் என்று எண்ணாதீர்கள். கருவில் இருக்கும் குருதிக்கும் அது காப்பு. மருந்துத் தூள் படிந்த கையோடு உணவைத் தொடாதிருத்தல், வேலை உடையை வீட்டுக்குள் கொண்டுவராதிருத்தல், கருவுற்ற பெண் மருந்தறையின் பக்கம் செல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் ஒவ்வொரு வீட்டிலும் சட்டமாக வேண்டும்.

நான்காவது, உரிமையைப் பற்றியது. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் தந்த 12 வார விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. தொழிலாளர் காப்பீட்டுக் கழகத்தில் பதிவான பெண்ணுக்கும் அவ்வளவு காலத்துக்குப் பயன் உண்டு. சிவகாசியிலேயே அக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பேரேட்டில் பெயர் இல்லாத பெண்ணுக்குச் சட்டம் எவ்வாறு கைகொடுக்கும்? உருப்படிக் கணக்கில் கூலி பெற்று, வீட்டுத் திண்ணையில் வேலை செய்யும் பெண் எந்த ஆலையின் தொழிலாளி என்று யார் சான்று கூறுவார்? படித்த இளைஞர்களே, உங்கள் படிப்புக்கு இங்கே வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பேரேட்டில் இருக்கிறதா, காப்பீட்டு எண் வந்திருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். 1987 முதல் நடைபெற்றுவரும் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குக் கருவுற்ற தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். அவ்விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு பேனாவும் அரைமணி நேரமும் போதும்.

ஐந்தாவது, பேறு நிகழும் வேளையைப் பற்றியது. குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாகக் கட்டாமல், ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்துக் கட்டினால் கொடியில் இருக்கும் குருதி குழந்தைக்குச் சென்று, அதன் இரும்புச் சேமிப்பு உயர்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் இதனைப் பரிந்துரைக்கிறது. செலவில்லாத இந்நன்மை மருத்துவமனைப் பேற்றில் எளிதில் கிட்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே நம் பெண்கள் நோயாளிகளாக மட்டுமன்றி மாணவியராகவும் மருத்துவராகவும் நுழைய வேண்டும் என்பது நம் அவா.

ஒப்படைக்கும் காலம்

பெரியோர்களே, இளைஞர்களே! எலும்பு முதிரும் வரை ஈரல் குருதிப் பணியைத் தன் தோளில் ஏற்கிறது. முதிர்ந்தவுடன் ஒப்படைத்துவிட்டுத் தன் சொந்தப் பணிக்குத் திரும்புகிறது. ஒப்படைக்கும் முறையும் கருதத்தக்கது. ஈரல் ஒரே நாளில் கைவிடுவதில்லை. மஜ்ஜை ஒரே நாளில் ஏற்பதுமில்லை. பல வாரங்கள் இரண்டும் சேர்ந்தே உழைக்கின்றன. கற்க வசதியற்ற காலத்தில் நம் பிள்ளைகளுக்கு இரவுப் பாடமும் புத்தகமும் தந்து, இக்கழகமும் அவ்வாறே ஒரு பணியை ஏற்று நடத்தி வந்திருக்கிறது. இனி அதை ஏற்க வேண்டியவர்கள் இளைஞர்கள். மூத்தோர் இருக்கும்போதே அவர்களோடு சேர்ந்து ஏற்க வேண்டும்.

அதன் முதற்பணியாக ஒன்றை முன்வைக்கிறோம். வரும் ஆண்டில் நம் கழகத்தைச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் பன்னிரண்டு வயது நிறைந்த பெண்ணுக்கும், மணமான இளம்பெண்ணுக்கும், கருவுற்ற தாய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்கப்பட வேண்டும். அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். கருவுற்ற தாய்க்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை என்று கொண்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அக்குறிப்பேட்டைப் பேணும் பொறுப்பைக் கழகத்தின் மகளிர் பகுதியும் மாணவர் பகுதியும் கூட்டாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். அதில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும், இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் ஈரலுக்கு நாம் அனுப்பும் மூலப்பொருளின் கணக்காகும்.